கொட்டியவர் ஒருவர், நோட்டீஸ் இன்னொருவருக்கா?

குப்பைச் சட்டங்களை இயற்றும் பெருமக்களுக்கும், அந்தச் சட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு நோட்டீஸ் எழுதும் உள்ளாட்சி, சுற்றுச்சூழல் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

என் பெயரில் ஒரு காலி மனை இருக்கிறது. வீடு கட்டக் கையில் பணம் சேரவில்லை. அதனால் சும்மா கிடக்கிறது. மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். அப்படிப் போன ஒரு காலையில் மனை நடுவே இடுப்பளவு உயரத்துக்கு ஒரு குவியல். பின்பக்கம் வந்து, தொட்டியைத் தூக்கி, சரித்துவிட்டு, அப்படியே முன்னால் நகர்ந்து போயிருக்கிறது ஒரு டிப்பர். இரட்டைச் சக்கரத் தடம் ஈர மண்ணில் அச்சுப்போல் பதிந்திருந்தது. வந்து, கொட்டி, திரும்ப ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். உடைந்த கழிப்பறைக் கோப்பை, பெயர்த்தெடுத்த டைல்ஸ், இறுகிப்போன அரை மூட்டை சிமென்ட், ஃபால்ஸ் சீலிங் ஜிப்சம் பலகைகள், மூடி இல்லாத பெயின்ட் டப்பாக்கள், இரண்டு டயர், நாலைந்து ட்யூப்லைட். யாரோ வீட்டைப் புதுப்பித்திருக்கிறார்கள். ஒரு சாக்கை அவிழ்த்தபோது உள்ளே ஒரு கூரியர் உறை. பெயர், கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் தெளிவாக அச்சிட்டிருந்தது. குற்றவாளி முகவரிச் சீட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டேன். அப்போது சிரிப்பு வந்தது.

அன்றே புகார் கொடுத்தேன். பதினோராம் நாள் ஓர் அலுவலர் வந்தார். பைக்கை விட்டு இறங்காமலே இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் எனக்கு நோட்டீஸ். "தங்களுக்குச் சொந்தமான இடத்தில் கழிவு தேங்கிப் பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு விளைவிப்பதால்" பதினைந்து நாளில் நானே அகற்ற வேண்டும், தவறினால் அபராதம். கூரியர் உறையை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், இதெல்லாம் போலீஸ் பார்க்க வேண்டியது. எங்க ரெக்கார்டுல மனை உங்க பேர்ல இருக்கு."

காவல் நிலையத்தில், "குப்பை விஷயமா? அது அவங்க டிபார்ட்மென்ட்" என்றார்கள்.

அதற்குள் என் மனையில் இரண்டாவது குவியல் வந்துவிட்டது. இது அனுபவிப்பவர்களுக்குத்தான் தெரியும்: வெறும் மண்ணில் முதல் லோடு கொட்டக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும், ஒரு குவியல் கிடந்தால் அடுத்தவருக்குத் துணிச்சலே தேவையில்லை. பதினோரு நாள் தாமதத்தின் விலை அதுதான். கடைசியில் ஒரு மாதச் சம்பளத்தைப் போலக் கூலியும் வண்டி வாடகையும் கொடுத்து நான்தான் அள்ளினேன். அள்ளியதை முறையான கிடங்குக்குக் கொண்டுபோய்க் கட்டணமும் கட்டினேன். யாரோ ஒருவர் கட்டாமல் தப்பித்த அதே கட்டணம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். உங்கள் சட்டப் புத்தகங்களில் அது எப்படி நடக்கிறது என்று சொல்லவே இந்த மடல்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் அழுதுகொண்டே எழுதுவதாக ஆகிவிடும். நில உரிமையாளர்கள் எல்லோரும் என்னைப் போல ஏமாந்தவர்கள் அல்ல. பள்ளமான நிலத்தை மேடாக்க லோடுக்கு இவ்வளவு என்று பேரம் பேசிக் குப்பை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். லோடுக்குக் காசு வாங்கிக்கொண்டு இரவில் கேட்டைத் திறந்துவிட்டு, பகலில் "எனக்குத் தெரியவே தெரியாது" என்பவர்களும் இருக்கிறார்கள். நில உரிமையாளரைச் சட்டம் முழுக்க விட்டுவிட்டால், ஊரிலுள்ள ஒவ்வொரு தரிசும் அப்பாவி ஒருவர் பெயரில் ரகசியக் குப்பைக் கிடங்காகிவிடும். அமெரிக்காவில் 1976-ல் வந்த வளப் பாதுகாப்பு, மீட்புச் சட்டம் நாடு முழுக்கத் திறந்தவெளியில் கழிவு கொட்டுவதைத் தடை செய்தது. அங்கே இல்லினாய் மாநிலச் சட்டம், கொட்டச் செய்வதோடு கொட்ட விடுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. "நான் கொட்டவில்லை" என்று சொன்னால் மட்டும் உரிமையாளர் தப்ப முடியாது. கழிவு கிடப்பது தெரிந்தும் அப்படியே போட்டு வைத்திருப்பது கொட்ட விடுவதில் சேரும். முதல் தடவை ஒவ்வொரு மீறலுக்கும் 1,500 டாலர், மறுபடி என்றால் 3,000 டாலர். வழக்கு, வாய்தா என்று இழுக்காமல் நேரே கையில் கொடுக்கும் அபராதச் சீட்டு.

கடுமைதான். ஆனால் அதே சட்டத்தில் ஒரு கதவு உண்டு. தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழ்நிலையால் மீறல் நேர்ந்தது என்று மேல்முறையீட்டில் காட்டிவிட்டால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீறல் நடந்ததாகவே பதிவு செய்யாது, அபராதமும் கிடையாது. இங்கிலாந்தின் 1990-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 59-ஆம் பிரிவும் இப்படித்தான். நிலத்தை வைத்திருப்பவருக்குக் கழிவை அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். குறைந்தது 21 நாள் அவகாசம் தர வேண்டும். அவர் அந்த 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போய், தானும் கொட்டவில்லை, தெரிந்து கொட்டச் செய்யவுமில்லை, தெரிந்து அனுமதிக்கவுமில்லை என்று நிரூபித்தால் நீதிமன்றம் நோட்டீஸை ரத்து செய்தே ஆக வேண்டும். "செய்யலாம்" இல்லை, "செய்ய வேண்டும்". தெரிந்து என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கு வந்த நோட்டீஸில் அந்தச் சொல் இல்லை. மனை யாருடையது என்ற ஒரே கேள்வியைத்தான் அது கேட்டது.

அந்த ஒரு கேள்விக்கு விடை பதிவேட்டிலேயே கிடைத்துவிடும். பைக்கை விட்டு இறங்க வேண்டாம். யார் கொட்டினார் என்பதற்குத்தான் சாக்கை அவிழ்க்க வேண்டும், தடத்தைப் பின்தொடர வேண்டும், நாலு வீட்டுக் கேமராவைக் கேட்க வேண்டும். எளிதில் அகப்படுபவரிடம் தண்டனை போவது, உங்களில் யாரும் கெட்டவர்கள் என்பதால் அல்ல. உங்களிடம் ஆள் குறைவு. மாதக் கணக்கில் எத்தனை நோட்டீஸ் கொடுத்தோம் என்று மேலே காட்ட வேண்டியிருக்கிறது. எனக்குக் கொடுத்த நோட்டீஸும் அந்தக் கணக்கில் ஒன்றாக ஏறியிருக்கும், "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று.

சரி, கொட்டியவரையே பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அபராதம் எவ்வளவு? இங்கேதான் பெரும்பாலான சட்டங்கள் கணக்கில் கோட்டை விடுகின்றன. டிப்பர்காரர் கோபத்தில் கொட்டுவதில்லை, குடிபோதையில் கொட்டுவதில்லை. கணக்குப் போட்டுக் கொட்டுகிறார். பிரிட்டன் 1996-ல் நிலத்தில் புதைக்கும் கழிவுக்கு வரி போட்டபோது பொது விகிதம் டன்னுக்கு 7 பவுண்டு. 2025 ஏப்ரலில் இங்கிலாந்தில் அது 126.15 பவுண்டாக ஏறியிருந்தது. குப்பையைக் குறைக்கவும் மறுசுழற்சியைக் கூட்டவும் வந்த நல்ல வரி, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 20 டன் ஏற்றிய ஒரு லாரி ஒரு காலி வயலைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த விகிதத்தில் வரியில் மட்டும் 2,500 பவுண்டுக்கு மேல் மிச்சம். அந்த லாரிக்காரருக்கு அதிகாரி அங்கேயே கொடுக்கும் அபராதச் சீட்டின் உச்சவரம்போ 1,000 பவுண்டு. அதுவும் 2023-ல்தான் 400-லிருந்து ஏறியது. நீதிமன்றம் வரை போனால் வரம்பில்லாத அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் அவ்வளவு தூரம் போவது எத்தனை லோடு? பத்து லோடு கொட்டி ஒன்றில் மாட்டினாலும் லாபத்தில் ஓடும் தொழில் இது. அபராதத்தை அவர் டீசல் செலவோடு சேர்த்து எழுதிவிடுவார்.

அதே இங்கிலாந்தில் 2023-24-ல் உள்ளாட்சிகள் கையாண்ட சட்டவிரோதக் கொட்டல்கள் 11.5 லட்சம். இந்த எண்ணிக்கையில் பெரும்பாலான தனியார் நிலக் கொட்டல்கள் சேரவே இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. தனியார் நிலத்தில் விழுந்ததை அந்த நில உரிமையாளரே அள்ளிக்கொள்ள வேண்டும். எனவே அது யாருடைய கணக்கிலும் வராது. கணக்கில் வராத குற்றத்துக்கு யார் ஆள் ஒதுக்குவார்கள்?

தண்டனை எங்கே வலிக்கும் என்று யோசித்தவர்களில் சிங்கப்பூரைச் சொல்ல வேண்டும். வண்டியிலிருந்து கழிவு கொட்டிப் பிடிபட்டால் முதல் குற்றத்துக்கே 50,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிட முக்கியம், கொட்டிய வண்டியையே பறிமுதல் செய்யலாம். டிப்பர்காரருக்கு அபராதம் ஒரு தொகை; வண்டி அவர் சோறு. அதைத் தவணையில் வாங்கியிருப்பார், நாளைக்கு லோடு பேசியிருப்பார். வண்டி பிடிபடும் என்ற பயம் இருந்தால் யார் மனையிலும் பின்பக்கமாக வருவதற்கு முன் ஒருமுறை பிரேக்கில் கால் வைப்பார்.

ஆனாலும் டிப்பர்காரரோடு நிற்கக் கூடாது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? என் மனையில் கிடந்த கழிப்பறைக் கோப்பை யாரோ ஒருவர் வீட்டில் இருந்தது. அவர் ஒப்பந்தக்காரரிடம், "இதையெல்லாம் எடுத்துட்டுப் போயிடுங்க" என்று சொல்லியிருப்பார். எங்கே என்று கேட்டிருக்க மாட்டார். ஒப்பந்தக்காரர் இருப்பதிலேயே குறைந்த வாடகை சொன்ன வண்டியைக் கூப்பிட்டிருப்பார். அவரும் எங்கே என்று கேட்டிருக்க மாட்டார். அவ்வளவு குறைந்த வாடகைக்கு முறையான கிடங்குக்குக் கொண்டுபோய்க் கட்டணம் கட்டவே முடியாது என்பது மூவருக்கும் தெரியும். கேட்காமல் இருப்பதற்குத்தான் அந்தத் தள்ளுபடி.

இங்கிலாந்தின் அதே 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இந்தக் கேட்காமையைத்தான் பிடிக்கிறது. கழிவு உன்னுடையது என்றால், பதிவு பெற்ற ஆளிடம்தான் ஒப்படைத்தாய் என்று உறுதி செய்துகொள்வது உன் கடமை. வியாபாரிகளுக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும்தான். உரிமம் இல்லாத ஆளிடம் கொடுத்து அது எங்கோ கொட்டப்பட்டால் வீட்டுக்காரருக்கு 600 பவுண்டு வரை அபராதச் சீட்டு. தொகை பெரிதில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டுக்காரர் வண்டிக்காரரிடம் ரசீது கேட்பார். கழிவு எந்தக் கிடங்கில் இறங்கியது என்று ஒரு துண்டுச் சீட்டு கேட்பார். சட்டம் எங்கும் இவ்வளவு செய்திருந்தால் என் கூரியர் உறைக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும்.

உறையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பவர்களுக்கு 2024 டிசம்பரை நினைவூட்டுகிறேன். திருநெல்வேலி மாவட்டத்தில் கோடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் கேரள மருத்துவமனைக் கழிவு மூட்டை மூட்டையாகக் கொட்டப்பட்டிருந்தது. எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தது மூட்டைக்குள் இருந்த காகிதங்களே. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே விசாரணைக்கு எடுத்து, மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போகச் சொன்னது. மாநில எல்லை தாண்டி லாரிகளும் அதிகாரிகளும் வந்து கழிவை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். நில உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டே மருத்துவக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டுபவர்களைத் தடுப்புக்காவலில் வைக்கும்படி குண்டர் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது தமிழ்நாடு. விசாரணையில்லாமல் உள்ளே வைக்கும் சட்டத்தைக் குப்பைக்கு நீட்டுவது எனக்கு உவப்பில்லை. அது வேறு பேச்சு. அங்கே வேலை செய்தது குண்டர் சட்டமும் அல்ல, அது பிறகு வந்தது. யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு மூட்டையை அவிழ்த்துப் படித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

தனியார் நிலத்தில் நடப்பது தனியார் விவகாரம் என்று உங்களில் சிலர் இன்னும் நினைக்கிறீர்கள். இத்தாலியின் கம்பானியா பகுதியிலும் அப்படித்தான் பல்லாண்டு விட்டார்கள். குற்றக் கும்பல்கள் தனியார் நிலங்களில் ஆலைக் கழிவைப் புதைத்தன, கொட்டின, எரித்தன. ஊர்க்காரர்கள் அந்த வட்டாரத்தை நெருப்பு நிலம் என்றே அழைக்கிறார்கள். 90 நகராட்சிகள், ஏறத்தாழ 29 லட்சம் மக்கள். 2025 ஜனவரி 30-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இதை வெறும் துப்புரவுப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. தெரிந்தும் அரசு உரிய வேகத்தில் செயல்படவில்லை, அதனால் குடிமக்களின் உயிர் வாழும் உரிமை மீறப்பட்டது என்றது. நிலம் யார் பெயரில் இருந்தால் என்ன, புகை வேலி பார்த்துப் போவதில்லை.

என் மனையில் கிடந்தது அவ்வளவு கொடிய சரக்கில்லை என்று நானும் ஆறுதல்பட்டுக்கொண்டேன். பிறகு விசாரித்தால், ஜிப்சம் பலகை ஈரக் குப்பையோடு சேர்ந்து காற்றில்லாமல் அழுகினால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வருமாம், அது நச்சு வாயு. ட்யூப்லைட்டில் பாதரசம். டயருக்குள் தேங்கிய தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சுகமாக முட்டையிடும். பக்கத்து மனைக்காரர் என்னைத்தான் முறைத்தார். அவர் பார்வையிலும் மனை என் பெயரில்தான் இருக்கிறது.

இனி நான் கேட்பது. நோட்டீஸ் எழுதுமுன் கழிவைச் சோதித்தீர்களா, அதில் என்ன அடையாளம் கிடைத்தது என்று எழுதும் ஒரு பத்தியை நோட்டீஸ் படிவத்திலேயே கட்டாயமாக்குங்கள். அது காலியாக இருந்தால் நோட்டீஸ் செல்லாது. கொட்டப்பட்டதைக் கண்டதும் தானே முன்வந்து புகார் கொடுத்த உரிமையாளரை, கொட்ட விட்டவராகக் கருதக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு கேட்டைத் திறந்தவர் புகார் கொடுக்க மாட்டார். உரிமையாளரும் சும்மா இருக்க வேண்டாம், வேலி போடச் சொல்லுங்கள், வண்டி நுழையாதபடி பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். இரண்டாவது முறையும் கொட்ட இடம் கொடுத்தால் என்னையும் கேளுங்கள், நியாயம்தான்.

அபராதத்தின் குறைந்தபட்சம், அந்த லோடைச் சட்டப்படி அப்புறப்படுத்த ஆகும் செலவின் பல மடங்காக இருக்கட்டும். தொகையைச் சட்டத்தில் எண்ணாக எழுதாதீர்கள், பத்து வருடத்தில் அது நகைப்புக்கிடமாகிவிடும், மடங்காக எழுதுங்கள். வசூலாகும் பணத்தில் முதல் பங்கு, அள்ளிய உரிமையாளரின் செலவுக்கு. இன்று அபராதம் கருவூலத்துக்குப் போகிறது, குப்பை என் மனையில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் இது கொட்டுபவருக்காகப் பேசுவதுபோல் ஆகும். முறையான கிடங்குக்கு நானே வண்டியோடு போனேன் அல்லவா? ஊருக்கு வெளியே ஒன்றரை மணி நேரம். மாலை நாலு மணிக்குக் கதவடைப்பு. முதல் நாள் நாலேகாலுக்குப் போய்ச் சேர்ந்து, ஏற்றிய லோடோடு திரும்பி வந்தேன். வழி நெடுக இருட்டில் காலி மனைகள். டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கினார், அவ்வளவுதான். நானும் அவரைப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் மறுபடி போய்க் கொட்டினோம். கிடங்கை இரவு எட்டு வரை திறந்து வையுங்கள். சிறு வண்டிகளுக்கு ஊருக்குள்ளேயே ஓர் இறக்கும் இடம் கொடுங்கள். அதன் பிறகும் கொட்டுபவரின் வண்டியைப் பிடியுங்கள், நான் கைதட்டுகிறேன்.

மனையைச் சுற்றி இப்போது கம்பி வேலி போட்டிருக்கிறேன். கட்டிய அபராதம் எதுவும் இல்லை, கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போதே அள்ளிவிட்டேன். கோப்பு மூடப்பட்டதாக ஒரு கடிதமும் வந்தது.

கூரியர் உறை மட்டும் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. அந்த முகவரிக்காரர் கெட்டவரா, என்னைப் போலவே எங்கே என்று கேட்கத் தெரியாதவரா, எனக்குத் தெரியாது. யாராவது போய்க் கேட்பதாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
காலி மனை ஒன்றின் உரிமையாளர்